சரித்திரப் பதிவேடு: ஸ்டீயரிங்கைப் பிடிக்க யாருக்குத் தகுதி?

எங்கள் படிப்பு வட்டத்துக்கு வரும் தம்பி ஒருவர் சென்ற மாதம் ஒரு தாளோடு வந்தார். எட்டு ஆண்டுகளாக டிராவல்ஸ் வண்டி ஓட்டியவர். கடன் வாங்கிச் சொந்தமாக ஒரு கார் எடுத்து, செயலி நிறுவனம் ஒன்றில் சேர விண்ணப்பித்திருந்தார். லைசென்ஸ் சரி, வண்டிக் காகிதங்கள் சரி. காவல்துறைச் சரிபார்ப்பில் மட்டும் ஒரு வரி: வழக்கு நிலுவையில் உள்ளது. விண்ணப்பம் அங்கேயே நின்றுவிட்டது. மாதத் தவணை நிற்கவில்லை.

என்ன வழக்கு என்று கேட்டோம். ஆறு ஆண்டுகளுக்கு முன் பக்கத்து ஊரில் அண்ணல் அம்பேத்கர் சிலையை அவமதித்தபோது நடந்த சாலை மறியல். அன்று அங்கே நின்ற எல்லோர் மீதும் இந்திய தண்டனைச் சட்டம் 143, 341. குற்றப்பத்திரிகை தாக்கலாகி, வாய்தா மேல் வாய்தாவாக ஓடிக்கொண்டிருக்கிறது. அவருக்கு எந்த நீதிமன்றமும் தண்டனை விதித்ததில்லை. வண்டி ஓட்டியதில் ஒரு புகார்கூட இல்லை.

வாடகைக் கார் செயலிகளுக்காக ஒன்றிய அரசு 2020 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறையில் ஓட்டுநரின் தகுதி எழுதப்பட்டிருக்கிறது. அதில் உள்ள சொல் ‘தண்டனை பெற்றவர்’. தம்பியின் தாளில் உள்ள சொல் ‘வழக்கு’. இந்த இரண்டு சொற்களுக்கும் நடுவில் நம் மக்களின் பிழைப்பு மாட்டிக்கொண்டிருக்கிறது. இது எப்போது தொடங்கியது, யார் தொடங்கியது என்று மாணவத் தோழர்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதால் கொஞ்சம் பின்னால் போகிறோம்.

முதலில் 1929, சாலிஸ்கான்.

தீண்டப்படாத மக்களின் குறைகளை விசாரிக்க பம்பாய் அரசு அமைத்த குழுவில் பாபாசாகேப் உறுப்பினர். பயணத்தின் நடுவே சாலிஸ்கானில் இறங்கினார். ஊர் மகர் மக்கள் அவரைத் தங்கள் குடியிருப்புக்கு அழைத்துப் போக ஆசைப்பட்டார்கள். ஸ்டேஷனில் குதிரை வண்டிகள் நின்றன. ஆனால் ஒரு தீண்டப்படாதவரை ஏற்றிக்கொண்டு வண்டி ஓட்டுவது தங்களுக்கு இழிவு என்று வண்டிக்காரர்கள் மறுத்துவிட்டார்கள். கடைசியில் ஒரு சமரசம் ஏற்பட்டது. வண்டியை மட்டும் வாடகைக்குத் தருவார்கள். ஓட்ட வர மாட்டார்கள். வண்டி ஓட்டிப் பழக்கமில்லாத நம் ஆள் ஒருவர் கடிவாளத்தைப் பிடித்தார். பாலம் ஒன்றில் வண்டி கவிழ்ந்தது. பாபாசாகேப் கல்லில் தூக்கி எறியப்பட்டு வலது கால் முறிந்தது.

‘விசாவுக்காகக் காத்திருத்தல்’ என்ற தன்வரலாற்றுக் குறிப்பில் இதை அவரே எழுதியிருக்கிறார். பலரும் இதைத் தீண்டாமைச் சம்பவமாக மட்டும் படித்துவிட்டுக் கடந்துவிடுகிறோம். இதில் ஓட்டுநர் பற்றிய செய்தியும் இருக்கிறது. வண்டி ஓட்டுவது ஒரு திறமை. அது பழகினால்தான் வரும். அந்தத் தொழிலுக்குள் நம்மை விடாமல் வைத்திருந்ததன் விலையை அன்று பயணியாக அமர்ந்திருந்த நம் தலைவரே தன் காலால் கட்டினார். பயணியின் பாதுகாப்பும் ஓட்டுநரின் உரிமையும் எதிரெதிர் என்று இன்று பேசுகிறவர்களுக்கு இதை நினைவூட்டலாம்.

சென்னை மாகாணத்தில் 1911ஆம் ஆண்டு இரண்டு விஷயங்கள் நடந்தன. ஒன்று, வாடகை வண்டிகளை ஒழுங்குபடுத்தும் மதராஸ் ஹேக்னி கேரேஜ் சட்டம். ஜட்கா வண்டிக்காரன் பதிவுக்குள்ளும் உரிமத்துக்குள்ளும் வந்த காலம் அது. இன்னொன்று, 1871இல் வட இந்தியாவில் தொடங்கிய குற்றப்பரம்பரைச் சட்டம் புதிதாக எழுதப்பட்டு நம் மாகாணத்துக்கும் வந்தது. ஒரு சட்டம் யார் தெருவில் வண்டி ஓட்டலாம் என்று பார்த்தது. மற்றொன்று யார் தெருவில் நடக்கவே அனுமதி கேட்க வேண்டும் என்று பார்த்தது. இரண்டையும் ஒரே ஆண்டில் கொண்டுவரத் திட்டம் ஏதும் இருந்ததாக நாங்கள் சொல்லவில்லை. தற்செயலாகத்தான் இருக்கும். ஆனால் நூறு ஆண்டுகள் கழித்து இரண்டும் ஒரே கைப்பேசித் திரையில் வந்து சேர்ந்திருக்கின்றன.

குற்றப்பரம்பரைச் சட்டத்தை மதுரைப் பக்கத்து மக்கள் ‘ரேகைச் சட்டம்’ என்றுதான் சொன்னார்கள். வாய்மொழிப் பெயர்தான், ஆனால் சட்டத்தின் உயிர் எங்கே இருக்கிறது என்பதைச் சரியாகப் பிடித்த பெயர். பிறந்த சாதியை வைத்து ஒருவரைக் குற்றவாளி என்று பதிவு செய்வார்கள். பத்து விரல்களின் ரேகையையும் எடுப்பார்கள். இரவில் காவல் நிலையத்திலோ குறிப்பிட்ட இடத்திலோ போய்த் தலைகாட்ட வேண்டும். வெளியூர் போவதென்றால் ராதாரிச் சீட்டு வேண்டும். செய்த குற்றம் என்ன என்ற கேள்வியே கிடையாது. 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்த பிரமலைக் கள்ளர் மக்கள் மீது போலீஸ் சுட்டது. மாயக்காள் உள்ளிட்ட பதினாறு பேர் கொல்லப்பட்டார்கள்.

இந்த இடத்தில் நம் வாசகர்களில் சிலர் முகம் சுளிப்பது எங்களுக்குத் தெரியும். பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் தலித் ஊராட்சித் தலைவரை உட்காரவிடாமல் 1996 முதல் பத்து ஆண்டுகள் தேர்தலையே முடக்கியவர்கள் யார் என்று கேட்பீர்கள். சரியான கேள்விதான். ஒடுக்கப்பட்டவர் இன்னொருவரை ஒடுக்க மாட்டார் என்ற உத்தரவாதத்தை வரலாறு யாருக்கும் தருவதில்லை. ஆனாலும் பெருங்காமநல்லூர் நம் கதையும்தான். அந்தச் சட்டத்தின் பட்டியலில் குறவர்கள் இருந்தார்கள். வேப்பூர்ப் பறையர்கள் இருந்தார்கள். சட்டம் இங்கே வருவதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்பே, 1892இல், முல்லாலி என்ற போலீஸ் அதிகாரி சென்னை மாகாணத்தின் ‘குற்ற வகுப்புகள்’ பற்றி ஒரு புத்தகமே எழுதினார். அதில் வேப்பூர்ப் பறையருக்குத் தனி இடம் உண்டு. ஒரு சாதியின் உணவு, உடை, சடங்கு, திருடும் முறை என்று வரிசையாக எழுதிப்போகும் புத்தகம். போலீஸ்காரன் நமக்கு எழுதிய சரித்திரம் அது.

‘சரித்திரம்’ என்று சும்மா சொல்லவில்லை. 1947இல் சென்னை மாகாணத்தில் குற்றப்பரம்பரைச் சட்டம் ஒழிந்தது. 1952இல் நாடு முழுதும் ஒழிந்தது. ஆனால் 1948லேயே இங்கே வழக்கமான குற்றவாளிகள் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்துவிட்டது. சாதியின் பெயர் போய், தனி ஆளின் பெயர் வந்தது. காவல் நிலையங்களில் ஹிஸ்டரி ஷீட் என்ற ஏடு தொடர்ந்தது. அதற்கு நம் பத்திரிகைகள் வைத்திருக்கும் தமிழ்ப் பெயர் ‘சரித்திரப் பதிவேடு’. ‘சரித்திரப் பதிவேடு குற்றவாளி கைது’ என்று தினமும் படிக்கிறோம். நம் தாத்தாக்களின் சரித்திரத்தை எழுத ஒரு பல்கலைக்கழகமும் முன்வராத காலத்தில், ஒவ்வொரு காவல் நிலையமும் அதை விடாமல் எழுதிக்கொண்டிருந்தது.

‘ஜெய் பீம்’ படத்தின் முதல் காட்சியை நினைத்துக்கொள்ளுங்கள். சிறை வாசலில் விடுதலையாகி வருகிறவர்களிடம் சாதி கேட்கப்படுகிறது. சில சாதிக்காரர் வீட்டுக்குப் போகலாம். மற்றவர்களை அங்கேயே காத்திருக்கும் போலீஸ் பங்கு போட்டுக்கொள்கிறது, முடியாத வழக்குகளை முடிக்க. படம் பார்த்தவர்கள் அதை 1990களின் கொடுமை என்று நினைத்துப் பெருமூச்சு விட்டார்கள். அந்த வாசலில் எழுதப்பட்ட வழக்குகள் பிறகு என்ன ஆகின்றன என்ற கேள்விக்குப் படத்தில் இடமில்லை. அவை பதிவேட்டில் இருக்கின்றன. பதிவேடு இப்போது கணினியில் இருக்கிறது.

ரேகைக்கு வருவோம். இது கடல் தாண்டிப் போய்த் திரும்பிய கதை.

1858இல் வங்காளத்தில் வில்லியம் ஹெர்ஷல் என்ற ஆங்கிலேய அதிகாரி, ஒப்பந்தம் ஒன்றில் உள்ளூர்க்காரர் ஒருவரின் முழுக் கைப்பதிவை வாங்கினார். கையெழுத்தை மறுத்துவிடுவார்கள், கையை மறுக்க முடியாது என்ற எண்ணம். 1897இல் கல்கத்தாவில் கைரேகைப் பணியகம் தொடங்கியது. லட்சக்கணக்கான ரேகைகளில் ஒன்றைத் தேடி எடுக்க உதவும் வகைப்படுத்தல் முறையை உருவாக்கியதில் அஜிஸுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இரு இந்தியக் காவல் ஊழியர்களின் உழைப்பு பெரிது. பெயர் மட்டும் அவர்களின் மேலதிகாரிக்குப் போய், ஹென்றி முறை ஆனது. 1901இல் அது லண்டன் ஸ்காட்லாந்து யார்டுக்குப் போனது. அங்கிருந்து அமெரிக்கா. 1924இல் அமெரிக்கக் கூட்டரசின் புலனாய்வுத் துறை தன் அடையாளப் பிரிவைத் தொடங்கியபோது அதே முறைதான் அடிப்படை. காலனியின் குடிமக்கள் மீது பழகிப் பார்த்த கருவி, அமெரிக்கக் கறுப்பின மக்களின் வாழ்க்கைக்குள் நுழைந்தது.

கறுப்பின மக்களுக்கும் நமக்குமான உறவை இன்று யாரும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. ஜோதிராவ் பூலே 1873இல் ‘குலாம்கிரி’யை அடிமைமுறையை ஒழித்த அமெரிக்கர்களுக்குக் காணிக்கையாக்கினார். பாபாசாகேப் 1946இல் டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். அதனால் அங்கே ஓட்டுநர் இருக்கையில் நடந்ததை நம் வீட்டுச் செய்தியாகவே படிக்கலாம்.

அமெரிக்க அரசியல் சட்டத்தின் 13ஆம் திருத்தம் 1865இல் அடிமைமுறையை ஒழித்தது. ஆனால் ஒரு விலக்கு வைத்தது: குற்றத்துக்கான தண்டனையாக இருந்தால் கட்டாய உழைப்பு செல்லும். தென் மாநிலங்கள் அந்தச் சின்னத் துவாரத்தின் வழியாக ஒரு பெரிய கதவையே திறந்தன. மிசிசிப்பியில் விடுதலையான கறுப்பர் ஒவ்வொருவரும் தனக்கு வேலை இருக்கிறது என்பதற்கு ஜனவரியில் எழுத்துச் சான்று காட்ட வேண்டும். இல்லையென்றால் ‘ஊர்சுற்றி’ என்று கைது. தென் கரோலினாவில் விவசாயக் கூலி, வீட்டு வேலை தவிர வேறு தொழில் செய்ய நீதிபதியிடம் உரிமம் வாங்கி ஆண்டுக் கட்டணமும் கட்ட வேண்டும். பிடிபட்டவர்களைத் தோட்டங்களுக்கும் சுரங்கங்களுக்கும் குத்தகைக்கு விட்டார்கள். நாம் ராதாரிச் சீட்டு என்றோம், அவர்கள் வேறு பெயர் சொன்னார்கள்.

நூறு ஆண்டுகளுக்கு மேல் கடந்து, 2003இல் டெவா பேஜர் என்ற சமூகவியலாளர் மில்வாக்கி நகரில் செய்த ஆய்வு வெளியானது. ஒரே மாதிரித் தகுதியுள்ள இளைஞர்களை வேலை கேட்டு அனுப்பினார். சிலர் சிறை சென்றதாக விண்ணப்பத்தில் எழுதினார்கள், சிலர் எழுதவில்லை. சிறைப் பதிவு இல்லாத வெள்ளையரில் 34 விழுக்காட்டினருக்கு அழைப்பு வந்தது. பதிவு உள்ள வெள்ளையருக்கு 17. பதிவு இல்லாத கறுப்பருக்கு 14. பதிவு உள்ள கறுப்பருக்கு 5. இரண்டாவதையும் மூன்றாவதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சிறை சென்று வந்த வெள்ளையருக்குக் கிடைத்த வாய்ப்புகூட எந்தக் குற்றமும் செய்யாத கறுப்பருக்குக் கிடைக்கவில்லை. தோலின் நிறமே ஒரு குற்றப் பதிவாக வேலை செய்தது. நம் ஊரில் முகவரியில் ‘காலனி’ என்று இருந்தால் வண்டிக் கடன் தர யோசிக்கும் பைனான்ஸ்காரரைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

பிறகு ஊபரும் லிஃப்டும் வந்தன. டெக்சாஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரம், டாக்சிக்காரர்களைப் போலவே செயலி ஓட்டுநர்களும் விரல் ரேகை கொடுக்க வேண்டும் என்றது. இரு நிறுவனங்களும் எதிர்த்தன. 80 லட்சம் டாலருக்கு மேல் செலவழித்துப் பிரசாரம் செய்தன. 2016 மே மாதம் நடந்த வாக்கெடுப்பில் தோற்று, நகரத்தை விட்டே வெளியேறின. அடுத்த ஆண்டு மாநில அரசு நகரத்தின் விதியைத் தூக்கிப்போட்டதும் திரும்பி வந்தன.

அந்த விவாதத்தில் கறுப்பின உரிமை அமைப்புகளும் ரேகைச் சோதனைக்கு எதிராகப் பேசின. காரணம் வலுவானது. கூட்டரசின் ரேகைக் கிடங்கில் கைதானது பதிவாகும். அந்த வழக்கு என்ன ஆனது என்பது ஏறத்தாழப் பாதிப் பதிவுகளில் இருக்காது என்று அமெரிக்க நீதித்துறையே 2006இல் சொல்லியிருந்தது. சும்மா நிறுத்திக் கைது செய்யப்படுவது யார்? கறுப்பின இளைஞர்கள். அப்படியானால் வடிகட்டப்படுவதும் அவர்களே.

நிறுவனங்களும் இதே வாதத்தைச் சொன்னதுதான் நமக்கு நெருடல். அவர்களுக்கு ஓட்டுநர் சீக்கிரம் வேண்டும், மலிவாக வேண்டும். ரேகை எடுக்கப் போனால் நாளாகும். ஊபர் தன் சோதனை முறையைப் பற்றிப் பயணிகளுக்கு மிகைப்படுத்திச் சொன்னது என்று கலிபோர்னியாவில் அரசு வழக்கறிஞர்கள் வழக்குப் போட்டு, 2016இல் அது இரண்டரைக் கோடி டாலர் வரை கட்டச் சம்மதித்ததும் அதே காலத்தில்தான். நம் வாதத்தை முதலாளி கடன் வாங்கிப் பேசுவான். அதற்காக வாதம் பொய்யாகிவிடாது. ஆனால் அவன் மேடையில் நாம் ஏறி நிற்க வேண்டியதும் இல்லை.

மாசசூசெட்ஸ் மாநிலம் வேறு வழியில் போனது. அரசே சோதனை செய்தது. 2017 ஏப்ரலில் முடிவு வந்தபோது சுமார் 71,000 ஓட்டுநர்களில் 8,000 பேருக்கு மேல் தகுதி இழந்தார்கள். அவர்களில் 51 பேர் பாலியல் குற்றவாளிகள் பட்டியலில் பதிவானவர்கள். நிறுவனங்களின் சொந்தச் சோதனையைத் தாண்டி வந்து வண்டி ஓட்டிக்கொண்டிருந்தவர்கள் இவர்கள். இதைப் படித்துவிட்டு ‘சோதனையே அநியாயம்’ என்று எந்தப் பெண்ணிடமும் நாம் பேச முடியாது. அதே நேரத்தில், எத்தனையோ ஆண்டுகளுக்கு முந்தைய சில்லறை வழக்குகளும், நீதிமன்றம் குற்றவாளி என்று தீர்ப்பு எழுதாமலே முடித்துவைத்த வழக்குகளும் அந்த வலையில் சிக்கின. கறுப்பினத்தவரும் லத்தீன் மக்களும் கூடுதலாக அடிபடுகிறார்கள் என்று உரிமை வழக்கறிஞர்கள் போராடினார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் விதி தளர்த்தப்பட்டது. பட்டியலில் இருந்த 51 பேருக்காகக் கட்டிய வலையில் மீதி ஆயிரங்கள் ஏன் விழுந்தார்கள் என்று கேட்டுப் பிரித்ததுதான் அங்கே கிடைத்த வெற்றி.

நம் நாட்டில் இந்தக் கதை தொடங்கிய நாள் 2014 டிசம்பர் 5. டெல்லியில் ஊபர் காரில் வீடு திரும்பிய பெண்ணை ஓட்டுநர் பாலியல் வல்லுறவு செய்தார். அடுத்த ஆண்டு அவருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. அவர் ஏற்கெனவே ஒரு பாலியல் வழக்கில் சிறையில் இருந்து விடுதலையானவர். அவரிடம் இருந்த போலீஸ் நடத்தைச் சான்றிதழ் போலி. இந்த இரண்டு தகவலையும் சேர்த்து வைத்து யோசிக்க வேண்டும். சான்றிதழ் கேட்கப்பட்டது, அவர் கொடுத்தார், யாரும் சரிபார்க்கவில்லை. காசு கொடுத்துப் போலிச் சான்று வாங்கத் தெரிந்தவரை அந்தத் தாள் தடுக்கவில்லை. மறியலில் நின்ற தம்பியைத் தடுக்கிறது.

2015இல் ஒன்றிய அரசின் அறிவுரை, 2020இல் நெறிமுறை, 2025 ஜூலையில் அதன் திருத்திய வடிவம் என்று வந்தன. 2020 நெறிமுறையின்படி கடந்த ஏழு ஆண்டுகளுக்குள் போதையில் வண்டி ஓட்டித் தண்டனை பெற்றவர் ஓட்டக் கூடாது. மோசடி, பாலியல் குற்றம், திருட்டு, வன்முறை உள்ளிட்ட, போலீஸ் பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய எந்தக் குற்றத்திலும் தண்டனை பெற்றவர் கூடாது. ‘எந்தக் குற்றத்திலும்’ என்ற இடத்தைக் கவனியுங்கள். சட்டவிரோதமாகக் கூடியது, வழிமறித்தது, பொது இடத்தில் ஆபாசமாகத் திட்டியது எல்லாமே பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடியவை. அதாவது பழைய 143, 341, 294(பி). சேரி இளைஞர்கள் மீது போடப்படும் எஃப்ஐஆர்களில் இந்த எண்களைப் பார்க்காதவர் நம்மில் யார்? வன்கொடுமைச் சட்டத்தில் நாம் புகார் கொடுத்த மறுநாள் எதிர்ப்புகார் ஒன்று பதிவாகும். அதிலும் இதே எண்கள்தான்.

இப்போது குடி விஷயம். இதில் சுற்றி வளைக்கப் போவதில்லை. குடித்துவிட்டு வண்டி ஓட்டியவரை ஏழு ஆண்டு பயணிகள் வாகனத்திலிருந்து தள்ளி வைப்பதை நாங்கள் எதிர்க்கவில்லை. இரவு பன்னிரண்டு மணிக்கு நடைபாதையில் படுத்திருப்பவர் யார், விடியலில் சாலை கூட்டுகிறவர் யார், முன்விளக்கு இல்லாத சைக்கிளில் வேலைக்குப் போகிறவர் யார் என்று பாருங்கள். போதை ஓட்டுநரின் வண்டி முதலில் ஏறுவது நம் ஆட்கள் மீது. அரசே டாஸ்மாக் நடத்திவிட்டு அடுத்த திருப்பத்தில் ஊதச் சொல்கிறது என்ற கோபம் நியாயம்தான். அந்தக் கோபம் அடிபட்டவருக்குக் காலைத் திருப்பித் தராது.

ஆனால் ஒரு விஷயத்தைத் தம்பிகளுக்குச் சொல்லியே ஆக வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 185. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம். 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் முறைக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது பத்தாயிரம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். ‘கோர்ட்டுல போய்ப் பத்தாயிரம் கட்டிட்டு வண்டிய எடுத்துட்டு வந்துட்டேன், முடிஞ்சிபோச்சு’ என்று நம் பையன்கள் சொல்கிறார்கள். முடியவில்லை. நீதிபதி முன் ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினால் அது தண்டனை. பைக்கில் பிடிபட்டாலும் அதே பிரிவுதான். இருபது வயதில் ஒரு கல்யாண வீட்டு இரவில் நடந்தது, இருபத்தாறு வயதில் கார் ஓட்டப் போகும்போது எதிரே வந்து நிற்கும். குடித்தால் வண்டியைத் தொடாதே என்பதுதான் இதற்கான ஒரே சட்ட ஆலோசனை.

மறியல், எதிர்ப்புகார் வழக்குகளில் நிலைமை வேறு. அங்கும் நம்மை வீழ்த்துவது அந்த அபராதக் கவுண்டர்தான். ஐந்து ஆண்டு வாய்தாவுக்கு அலைந்து கூலி போய், சலித்து, ‘குற்றத்தை ஒத்துக்கிட்டு ஐந்நூறு ரூபா கட்டிடு, இன்னிக்கே முடிஞ்சிரும்’ என்று யாராவது சொல்ல, கட்டிவிடுகிறோம். அந்த நொடியில் வெறும் வழக்கு தண்டனையாகிவிடுகிறது. 1996இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போன வழக்கு ஒன்றில், ஹரியானா அரசின் கடைநிலை ஊழியர் ஒருவர் 294இல் இருபது ரூபாய் அபராதம் கட்டியதற்காக வேலையை இழந்திருந்தார். இருபது ரூபாய். அவருக்கு நியாயம் வழங்கிய நீதிமன்றம், இப்படிச் சிறு அபராதத்தோடு முடியும் வழக்குகள் ஒருவரின் வேலையைப் பறிக்காதபடி சட்டம் செய்யுமாறு நாடாளுமன்றத்தைக் கேட்டுக்கொண்டது.

இதற்குச் சட்டத்திலேயே இருக்கும் சில கைப்பிடிகளைத் தெரிந்துகொள்ளுங்கள். 1958ஆம் ஆண்டு குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டப்படி முதல் முறை சிறு குற்றத்தில் நீதிமன்றம் எச்சரித்தோ நன்னடத்தைப் பத்திரம் வாங்கியோ விடலாம். அப்படி விட்டால் தண்டனையோடு வரும் தகுதியிழப்பு வராது என்கிறது 12ஆம் பிரிவு. தண்டனை நடந்த செய்தியை அது அழிக்காது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம். பதினெட்டு வயதுக்குள் நடந்தது என்றால், கொடுங்குற்றங்களில் உள்ள விலக்கு தவிர, சிறார் நீதிச் சட்டத்தின் 24ஆம் பிரிவு தகுதியிழப்பைத் தடுக்கிறது. 2016இல் அவ்தார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், இளவயதில் கோஷம் போட்டது போன்ற சிறு விஷயங்களை வேலை கொடுப்பவர் பொருட்படுத்தாமல் விடலாம் என்றது. ஆனால் இந்த வாதத்தைச் செயலி நிறுவனத்திடம் வைத்தால், ‘ஓட்டுநர் எங்கள் ஊழியர் இல்லை, பங்குதாரர்’ என்பார்கள். சம்பளம், பிஎஃப் கேட்டால் பங்குதாரர். நடத்தைச் சான்று கேட்கும்போது மட்டும் ஊழியர்.

2024இல் உச்ச நீதிமன்றம் இரண்டு முறை இந்தப் பதிவேடுகளைத் தொட்டது. மே மாதம் அமானத்துல்லா கான் வழக்கில், சரித்திரப் பதிவேடுகள் பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர் மீது சாதிப் பாகுபாட்டோடு திறக்கப்படுவதாகச் சொல்லப்படுவதைக் கவலையோடு குறிப்பிட்டு, எல்லா மாநிலங்களையும் தங்கள் நடைமுறையைப் பரிசீலிக்கச் சொன்னது. அக்டோபர் 3 அன்று சுகன்யா சாந்தா வழக்கில், சிறைக் கையேடுகளில் இருந்த சாதி அடிப்படையிலான விதிகளை ரத்து செய்தது; சிறைப் பதிவேடுகளில் சாதிக் கட்டத்தை நீக்கச் சொன்னது; ‘வழக்கமான குற்றவாளி’ என்ற சொல் சீர்மரபினர் மீது எப்படிப் பயன்பட்டது என்பதையும் எடுத்துக் காட்டியது. இந்தத் தீர்ப்புகளைப் படித்து வைத்துக்கொள்ளுங்கள். நம் மாவட்டக் கண்காணிப்பாளர் அலுவலகத்தில் மனு கொடுக்கும்போது இவை தேவைப்படும்.

2022ஆம் ஆண்டு முடிவில் இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நான்கில் மூன்று பேருக்குத் தீர்ப்பே வரவில்லை. அந்த விசாரணைக் கைதிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் பட்டியல் சாதியினர். 2011 கணக்கெடுப்பில் மக்கள்தொகையில் நம் பங்கு 16.6 விழுக்காடு. இவர்கள் நாளைக்கு விடுதலையாகி வந்து வண்டி ஓட்டப் போனால் கணினியில் என்ன வரும்?

இன்னொரு தொல்லையும் இருக்கிறது. நீதிமன்ற இணையதளத்தில் பெயரையும் தகப்பன் பெயரையும் போட்டுத் தேடி அறிக்கை கொடுக்கத் தனியார் நிறுவனங்கள் இருக்கின்றன. நம் ஊரில் முருகன், தகப்பன் பெயர் கருப்பசாமி என்று ஒரு மாவட்டத்தில் எத்தனை பேர்! குடும்பப் பெயர் வைக்காத தமிழ்ப் பெயர்களுக்கு இந்தத் தேடல் பெரிய ஆபத்து. யாருடைய வழக்கோ யார் தலையிலோ விழும். விழுந்தது தெரியாமலே ஐடி முடங்கும். காரணம் எழுத்தில் வராது.

எங்கள் கோரிக்கை நீண்டதல்ல. நெறிமுறை தண்டனை என்று சொன்னால் சரிபார்ப்பும் தண்டனையைத்தான் பார்க்க வேண்டும், நிலுவை வழக்கை அல்ல. பாலியல் குற்ற வழக்கு நிலுவையில் இருப்பவரையும் ஏற்றுக்கொள்வதா என்று எங்கள் தோழிகள் கேட்டார்கள். இரண்டு கூட்டங்கள் பேசினோம். குற்றப்பத்திரிகை தாக்கலான பாலியல் வழக்கில் விசாரணை முடியும் வரை நிறுத்தி வைக்கலாம் என்ற முடிவுக்கு வந்தோம். இரவுப் பணி முடித்துத் தனியாகக் கார் பிடித்து வரும் நம் வீட்டுப் பெண்களும் அந்தப் பின்னிருக்கையில்தான் இருக்கிறார்கள். எங்களில் இரண்டு பேருக்கு இதில் இன்னும் உடன்பாடில்லை. பொய் வழக்குக்கு அந்தப் பிரிவையும் பயன்படுத்துவார்கள் என்கிறார்கள். அந்தப் பயத்தை எங்களால் தள்ளிவிட முடியவில்லை. மறுக்கப்பட்டவருக்கு எந்த வழக்கு, எந்த நீதிமன்றம் என்று எழுத்தில் சொல்ல வேண்டும், பதில் சொல்ல அவகாசம் தர வேண்டும் என்பதில் எல்லோரும் ஒன்றாக நிற்கிறோம். சாலை மறியலுக்கும் வண்டி ஓட்டுவதற்கும் என்ன சம்பந்தம் என்ற கேள்விக்கும் யாராவது ஒருவர் பதில் சொல்லியாக வேண்டும்.

தம்பி இப்போது வேறொருவரின் லோடு ஆட்டோவை இரவில் ஓட்டுகிறார். சொந்தக் கார் உறை போட்டு வீட்டு வாசலில் நிற்கிறது. சென்ற வாய்தாவில் கூட நின்ற ஒருவர் அபராதம் கட்டி முடித்துக்கொள்ளலாம் என்று அவரிடமும் சொல்லியிருக்கிறார். கட்ட வேண்டாம் என்று நாங்கள் சொன்னோம். வழக்கை ரத்து செய்யக் கோரி உயர் நீதிமன்றத்தில் மனுப் போட வழக்கறிஞர் ஒருவர் கட்டணம் வாங்காமல் ஒப்புக்கொண்டிருக்கிறார். எஃப்ஐஆர் நகலும் குற்றப்பத்திரிகை நகலும் வேண்டும் என்றார். அவற்றை வாங்க வரும் திங்கட்கிழமை தம்பியோடு நீதிமன்றம் போகிறோம். அன்றைய மறியல் வழக்கில் பெயர் உள்ள மற்ற தோழர்களும் வந்தால் ஒரே மனுவில் சேர்த்துவிடலாம்.